மகா ராவணன் கோட்டையின் வெளிச்ச வீடு

ஊவாவின் மலைகளிலே பிறந்து, பாதயாத்திரை சென்ற தோட்டத்து ஜனங்கள் மூழ்கி எழுந்து கந்தனைத் தொழும் புண்ணிய தீர்த்தமாகிய மாணிக்க கங்கை, கதிர்காமத்தைக் கடந்து யால வனத்தினூடே நடந்து சமுத்திரத்திற் கலக்கின்றது. அக்கடற்கரைக்கு அப்பால், அலைகளுக்கிடையே தலைகாட்டும் பாறைத் தொடரின்மீது, 1873ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் ஏற்றப்பட்ட விளக்கோடு இன்றும் பணிபுரியும் கருங்கல் ஸ்தம்பம் ஒன்று நிற்பதைப் பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் வாழும் நம்மவருள் அறிந்தவர் சிலரே. மகா ராவணன் கோட்டை என்பது அப்பாறைகளுக்கு வழங்கும் பெயர்.

இரும்பினாற் கோபுரம் எழுப்ப எண்ணிப் பெரும்பொருளை முன்னர்ச் செலவிட்டும் காரியம் கைகூடவில்லை. அதன்பின், இங்கிலாந்தின் திரினிட்டி ஹவுஸ் என்னும் ஸ்தாபனத்தின் பொறியியலாளர் ஜேம்ஸ் டக்ளஸ் கல்லினாலே கட்டுவதென்று திட்டம் வகுக்க, நிர்மாண வேலையை அவருடைய சகோதரர் வில்லியம் ஏற்றுக்கொண்டார். ஸ்கொட்லாந்தின் டல்பீட்டியில் வெட்டிய கருங்கற்களை, ஒன்றின் புடைப்பு மற்றொன்றின் பள்ளத்திற் புகுந்து பூட்டிக்கொள்ளுமாறு செதுக்கிக் கப்பலேற்றி, உலகத்தின் பாதியைக் கடந்து கொணர்ந்து, அலை ஓயாத பாறையிலே படைபடையாக அடுக்கினார்கள். நாம் ஆடி விழாவுக்குக் கதிர்காமம் செல்லும் நாட்களில் தென்மேற்குப் பருவக்காற்றினால் அக்கடல் கொந்தளிக்கும்; பாறையிற் கால் வைக்கவும் இயலாது. ஆகையால் வருஷந்தோறும் கிடைக்கும் சில மாத அமைதியை நம்பியே, ஏறக்குறைய 37 மீற்றர் உயரமுள்ள அந்த ஸ்தம்பத்தை எழுப்பி முடித்த கைகளின் பிரயாசையை நினைக்குந்தோறும் நெஞ்சு நெகிழ்கிறது.

இத்தனை பாடு எதற்கு என்பதற்கு அப்பாறைகளே சாட்சி. 1961இல் அங்கே சுழியோடிய மைக் வில்சன் என்பாரும் அவருடன் சென்ற சிறுவர் இருவரும், அழிந்துபோன கப்பலொன்றிலிருந்து, சூரத்தில் அச்சிடப்பட்ட ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தனர். உப்பு நீரில் நெடுங்காலம் கிடந்தமையால், நாணயத்தோடு நாணயம் ஒட்டிக் கட்டிகட்டியாக இறுகியிருந்தன. விளக்கு ஏற்றப்படுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்னர் அழிந்த அக்கப்பலின் கதையை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் ஒரு நூலாகவே எழுதினார்.

இனிக் கடலிலிருந்து நம் மலைக்குத் திரும்புவோம். சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்ட 1869ஆம் வருஷத்திலேதான், நமது மடுல்சீமையில் கோப்பி இலையின் செம்மஞ்சள் துரு நோய் கண்டறியப்பட்டது. கடலில் ஸ்தம்பம் உயர்ந்த வருஷங்களில் மலையிலே கோப்பி மடியத் தொடங்கிற்று; பின்னர்த் தேயிலை வந்து, மலைகளின் தோற்றமே மாறிற்று. அக்காலத்து ஆட்சியார் விட்டுச்சென்றவற்றுள் தோட்டங்கள் நம் முன்னோரின் வியர்வையைக் குடித்து வளர்ந்தவை. இந்த விளக்கோ கொடிபேதம் பாராமல் எவருடைய மரக்கலத்தையும் காத்தது. அதனால் என் மதிப்பில் இதற்கே முதலிடம்.

2004ஆம் வருஷத்து ஆழிப்பேரலை இக்கட்டடத்தைத் தாக்கியும் வீழ்த்தவில்லை; பழுதுகள் பின்னர்ச் சீர்செய்யப்பட்டன. விளக்குக் காவலர் அங்கே குடியிருந்த காலம் கழிந்துவிட்டது. இலங்கைத் துறைமுக அதிகார சபையின் பராமரிப்பில் விளக்கு இப்போது தானாகவே இயங்குகின்றது.