இரைச்சலின் காரணம்

அரபு இலக்கணத்தில் ஒரு சொல்லின் ஈறு மாறினால், அதை மாற்றிய ‘ஆமில்’ எதுவென மாணவரைக் கேட்பது நம் நெடுநாள் வழக்கம். அக்கேள்வி ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கும் உதவுமென நாம் எண்ணியதில்லை.

நம் சகோதரி மகன் கச்சேரிகளில் கிட்டார் வாசித்துப் பிழைப்பவன். 1975இல் அறிமுகமான ரோலண்ட் ஜேசி-120 என்னும் டிரான்சிஸ்டர் வகைக் கருவியின் பழைய பிரதியொன்று அவனிடம் உண்டு. அது ஓயாது இரைந்தது. “எடைக்குப் போட்டுவிடலாமா, மாமா?” என்றான்.

டிரான்சிஸ்டர்கள் அனைத்தையும் மாற்ற முனைந்த மெக்கானிக்கை நாம் தடுத்தோம். “முதலில் காரணத்தைத் தேடுவோம்” என்றோம். கிட்டாரைக் கழற்றினார், இரைச்சல் நிற்கவில்லை. ஒலியளவுக் குமிழ்களை முற்றும் குறைத்தார். அப்போதும் ரீங்காரம் தணியவில்லை. எனவே பிணி குமிழ்களுக்கு அப்பால் இருந்தது. அளந்தபோது 100 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேராக்கிய பின் எஞ்சும் அலையைச் சமன்செய்ய வேண்டிய கெப்பாசிட்டர்கள் வறண்டுபோயிருந்தன. மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் அவற்றில் மின்சாரம் தங்குமாதலால், அதை வடித்த பின்னரே மாற்றினார். திருப்புகையில் கரகரத்த குமிழ்களுக்குத் துப்புரவுத் திரவமே போதுமானதாயிற்று.

கோரஸ் விசையைப் போட்டால் எழும் மெல்லிய சீறல் மட்டும் எஞ்சியது. அது பழுதன்று, அக்கருவியின் பிறவிக் குணம் என்றார் மெக்கானிக்.

நாம் மௌனமானோம். முன்பொரு மாணவனின் திக்குவாயைக் கவனக்குறைவென்று கருதிப் பலர்முன் அதட்டியிருக்கிறோம். அவனிடம் காரணத்தைத் தேட நமக்குத் தோன்றவில்லையே!