ஏட்டய்யா சொன்ன கதையும், நான் கேட்காத கேள்வியும்

பீளமேட்டுல எங்க வீதி ஏட்டய்யா ரிட்டயர் ஆகி வருசம் பத்தாச்சு. சாயங்காலமானா ஹோப் காலேஜ் பக்கத்துப் பேக்கரியில ஒரு டீ, ஒரு தேங்கா பன்னு. போன வாரம் நானும் கூட உக்காந்திருந்தேன். வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்க, பென்சன் கைக்கு வந்ததுக்கப்புறந்தான் போலீசுக்காரங்களுக்கு மனசாட்சி முழிக்குமாட்ட இருக்குது? மேலதிகாரி தப்புப் பண்ணுனா அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானுங்களே?"

மனுசன் கோவிச்சுக்கல. "கேரளாவுல ராமச்சந்திரன் நாயர்னு ஒருத்தர் இருந்தாரு, தெரியுமா தம்பி?"ன்னாரு. தெரியாதுன்னேன். வூட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வர்ல.

1970 பிப்ரவரி 18. நம்ம கூடலூரைத் தாண்டுனா வர்ற வயநாட்டுல, திருநெல்லிக் காடு. நக்சலைட் தலைவர் வர்கீஸ் மோதல்ல செத்துட்டாருன்னு போலீஸ் சொல்லுச்சு. வர்கீஸ் கூட்டம் பண்ணுன கொலைகளை நான் நியாயப்படுத்த வர்ல. அது தனிக் கணக்கு.

ஆனா 28 வருசங்கழிச்சு, 1998-ல, நாயர் வாயைத் திறந்தாரு. அப்ப அவரு ரிட்டயர் ஆன சி.ஆர்.பி.எஃப். கான்ஸ்டபிள். மோதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. உசிரோட பிடிச்ச ஆளை டி.எஸ்.பி. லட்சுமணா உத்தரவு போட்டு நானே சுட்டேன், மறுத்தா என்னையும் கொன்னுருவோம்னு மிரட்டுனாங்கன்னு சொன்னாரு. கேரள உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு போட்டுது.

இங்கதான் விசயமே இருக்குதுங்க. வழக்குல முதல் குற்றவாளி யாரு தெரியுமா? நாயரேதான்! பெரியவங்களைக் காட்டிக் குடுக்கறதுக்கு முன்னாடி தன் கழுத்துல தானே கயித்தை மாட்டிக்கிட்டாரு. 2006-ல செத்தும் போயிட்டாரு, தீர்ப்பைப் பாக்காமயே. 2010 அக்டோபர்ல சி.பி.ஐ. நீதிமன்றம், ஐ.ஜி. வரைக்கும் போயி ஓய்வு பெற்ற லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை குடுத்துது. இன்னொரு குற்றவாளியான முன்னாள் டி.ஜி.பி. விஜயனை விடுவிச்சுது.

லேட்டாச் சொன்ன உண்மை செல்லாதுன்னு இனி நான் சொல்ல மாட்டேன். அடுத்தவன் தப்பை மட்டும் பேசுற பேட்டிக ஆயிரம் வருது. 'நானும் பண்ணுனேன்'னு ஆரம்பிக்கறதுக்குத்தான் எடை சாஸ்தி.

இன்னொண்ணு. 2021-ல மத்திய அரசு பென்சன் விதியைத் திருத்துச்சு. உளவு, பாதுகாப்பு அமைப்புகள்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க, துறை சம்பந்தமா எதையாவது வெளியிடணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்கோணும். மீறுனா பென்சனுக்கே வேட்டு. சி.ஆர்.பி.எஃப்.பும் அந்தப் பட்டியல்ல உண்டு. நாட்டு ரகசியத்தைக் காக்கோணும், சரி. ஆனா காட்டுக்குள்ள நடந்த கொலை நாட்டு ரகசியமா? நீங்களே சொல்லுங்க.

அடுத்த நாள் பேக்கரியில ஏட்டய்யாகிட்ட "படிச்சனுங்க"ன்னேன். கொஞ்ச நேரம் ரோட்டையே பாத்துட்டிருந்தாரு. அப்புறம் மெதுவா, "எல்லாருக்குள்ளயும் ஒண்ணு ரெண்டு கெடக்குது தம்பி"ன்னாரு.

என்னங்கய்யா அதுன்னு நான் கேட்டிருக்கோணும். கேக்கல. டீக்குக் காசைக் குடுத்துட்டு, வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானேன்னு வாய் கிழியக் கேட்டவன் நானு. சொல்றதுக்கு ஒருத்தர் தயாரா இருந்தப்ப, கேக்கறதுக்கு எனக்குத் தைரியம் வர்லைங்க.