ரிமோட் விமானம் பறக்க விட ஆசையா?

நடிகர் அஜித்குமார் பைக், கார் ரேஸ் ஓட்டுவது எல்லோருக்கும் தெரியும். ரிமோட் விமானம் விடுவதிலும் அவர் கில்லாடி. அந்த ஆர்வம்தான் 2018-ல் அவரைச் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' மாணவர் குழுவுக்கு ஆலோசகராக்கியது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாமிடம் பிடித்தது.

இதைப் படித்ததும் நம் திண்டுக்கல் மாணவருக்கும் ஆசை வரும். ஆனால் எடுத்த எடுப்பில் போர் விமான மாடலை வாங்கினால் போச்சு! கணக்குப் பதிவியலில் பத்து வருடத்துக்கு எழுதும் தேய்மானத்தைப் பத்தே நொடியில் எழுத வேண்டி வரும்...

முதலில் ஒரு தெர்மோகோல் கிளைடர் போதும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு தள்ளி, அடியில் இரு விரல்களை வைத்துத் தூக்குங்கள். சமமாக நிற்க வேண்டும். வால் கனத்தால் விமானம் பேச்சுக் கேட்காது. மூக்கில் எடை சேருங்கள்.

அடுத்து, இறக்கை மேலே பொருத்திய ஃபோம் டிரெய்னர். இது மெதுவாகப் பறக்கும், யோசிக்க நேரம் தரும். உடைந்தால் பசை போட்டு ஒட்டலாம்.

உண்மையான சிக்கல் விமானம் நம்மை நோக்கித் திரும்பும்போதுதான். இடது வலதாகிவிடும்! அப்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் இதை நூறு முறை பழகினாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அரை கிலோ ஃபோம் எம்மாத்திரம்? காற்று எழும்பாத அதிகாலைதான் நல்லது. அறுவடை முடிந்த மானாவாரி நிலமாக, மின்கம்பியோ ஆடு மேய்ப்பவர்களோ இல்லாத இடமாகப் பாருங்கள். நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காற்றை எதிர்த்தே கிளப்புங்கள்.

டிரான்ஸ்மிட்டரை முதலில் போட்டு, கடைசியில் அணைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் புரொப்பல்லர் திடீரென்று சுழன்று விரலைப் பதம் பார்க்கும். லிப்போ பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள், தீப்பிடிக்கும்.

2021 ட்ரோன் விதிகளின்படி, 25 கிலோவுக்கு மேற்படாமல், பொழுதுபோக்குக்காகக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறப்பது 'மாடல்' வகை. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை மண்டலமா என்று பார்த்துவிடுங்கள்.

கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தால் சேருங்கள், அங்கே ஏரோமாடலிங் உண்டு. முதல் முறை பறக்கும்போது பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நின்றால், விமானம் முழுசாக வீடு திரும்பும்!