பாதை வரும் நேரம்

“இதில பாதை எங்க, தம்பி?” என்று கேட்டார் அண்ணை.

நான் நீட்டிய தாளில் சாலைகள் எல்லாம் இருந்தன. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், வடக்கு தெற்காக ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற அவுட்டர் ஹெப்ரடீஸ் தீவுகள். எட்டு நாள், ஒரு கார், இரண்டு கூடாரம், பார்க்க வேண்டிய இடங்கள் பத்தொன்பது. தீவுக்கும் தீவுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு இழுத்திருந்தேன். இதற்கு மேல் என்ன பாதை?

அண்ணை புங்குடுதீவுக்காரர். திருச்சியில் பிறந்த எனக்குப் பாதை என்றால் தரையில் கிடப்பது. அவர் ஊர்ப்பக்கம், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் மிதவைக்குப் பெயர்தான் பாதை.

“தீவுக்குப் போறதெண்டா முதல்ல பாதை வாற நேரத்தைப் பாக்கோணும். ரோட்டு எங்க ஓடப்போகுது? அது அங்கதான் கிடக்கும்.”

கிளாஸ்கோவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் திட்டத்தைத் தலைகீழாகப் போட்டோம். முதலில் நான்கு படகுகள். ஓபனிலிருந்து பாரா தீவுக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பாராவிலிருந்து எரிஸ்கேக்கு நாற்பது நிமிடம். பெர்னரேயிலிருந்து ஹாரிஸின் லெவர்பரோவுக்கு ஒரு மணி நேரம். கடைசியில், லூயிஸின் ஸ்டோர்னவேயிலிருந்து பெருநிலத்து அல்லாபூலுக்கு. கோடையில் காருக்கு இடம் கிடைப்பது அரிது. மாதக்கணக்கில் முன்னதாகப் பதிய வேண்டும். நான்கும் உறுதியான பிறகுதான் இடைவெளிகளில் இரவுகளை வைத்தோம். பத்தொன்பது இடங்கள் ஏழாகச் சுருங்கின.

எரிஸ்கேயிலிருந்து பெர்னரே வரை படகு வேண்டாம். கடலுக்குக் குறுக்கே கல் கொட்டிச் சாலை போட்டிருக்கிறார்கள். “தாம்போதி!” என்றார் அண்ணை. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியில் போய்வந்தவருக்கு அந்தச் சொல் வாயில் இனித்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. வாட்டர்சே தீவிலிருந்து ஒரு காளையைக் கடலில் நீந்தவைத்துப் பாராவுக்குக் கொண்டுபோனபோது அது மூழ்கிச் செத்தது, 1986இல். அந்தச் சாவுதான் தீவுக்காரர்களின் கோரிக்கைக்கு வலுச் சேர்த்தது. 1991இல் அங்கே தாம்போதி வந்தது. எரிஸ்கேக்கு 2001இல்தான். வாட்டர்சே, எரிஸ்கே, பெர்னரே என்ற பெயர்களின் கடைசி அசையே பழைய நார்ஸ் மொழியில் ‘தீவு’ என்பது தெரிந்ததும், “அப்ப புங்குடு-ஏ எண்டு சொல்லலாம்” என்று சிரித்தார்.

அடுத்தது கூடாரம். ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் வேலியிடாத நிலத்தில் கூடாரம் போடலாம். ஆனால், கார் கூடவே புல்வெளியில் ஏற அந்தச் சட்டம் இடம் தரவில்லை. மேற்குக் கரையோரம் சிப்பித்தூள் மணலில் பூத்துக் கிடக்கும் புல்வெளியை மஹைர் என்கிறார்கள். அதில் சக்கரம் ஏறினால் பூவோடு மண்ணும் பெயர்ந்துவிடும். மணலில் சாதாரண முளை நிற்காது. நீளமான முளைகள் வாங்கினோம். காற்று அடித்தால் கூடாரம் ஆடும். அடிக்காவிட்டால் மிட்ஜ் என்னும் பொடிப்பூச்சி மொய்த்துப் பிடுங்கும். காற்றே தேவலை என்று தலைவலை இரண்டையும் பெட்டியின் அடியில் வைத்தேன்.

பிறகு, ஞாயிற்றுக்கிழமை. தெற்குத் தீவுகள் கத்தோலிக்கம். வடக்கே ஹாரிஸும் லூயிஸும் ஓய்வுநாளைக் கண்டிப்பாகக் காக்கும் சீர்திருத்தச் சபைகளின் ஊர். ஸ்டோர்னவே–அல்லாபூல் படகே 2009இல்தான் ஞாயிறன்று ஓடத் தொடங்கியது. அன்றைக்குக் கடையை நம்பக்கூடாது. பெட்ரோலும் சோறும் சனிக்கிழமையே கையில் இருக்க வேண்டும். என் வீட்டுப் புளிக்காய்ச்சல், அண்ணை வீட்டு இடிச்ச சம்பல், ஐந்து கிலோ அரிசி.

“எல்லாஞ் சரி. ஒரு நாளைச் சும்மா விட்டுவையும்” என்றார் அண்ணை.

“எதுக்கு அண்ணை?”

“கடலுக்கு.”

மனமில்லாமல் சனிக்கிழமையைக் காலியாக விட்டேன்.

ஜூனில் கிளம்பினோம். ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, பெர்னரேயில் காற்று பலத்து, படகு போகாது என்ற செய்தி வந்தது. என் பழைய திட்டமாக இருந்தால் அங்கேயே எல்லாம் சரிந்திருக்கும். மூக்கால் அழுதுகொண்டு அடுத்த படகுக்குக் கெஞ்சியிருப்பேன். அன்று கல்சுவர் மறைவில் அடுப்பைப் பற்றவைத்துச் சோறு வடித்தோம். இரவு பத்தரைக்கும் வெளிச்சம் போகவில்லை. வெள்ளை மணல்மேல் கடல் பச்சையாக ஏறி இறங்குவதை அண்ணை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது எந்தக் கடல் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காற்று தணிந்தது. துறையில் காரோடு வரிசையில் நின்றோம். “பாதை வருது” என்றார், பிள்ளைபோல.

ஏறிய படகு நேராகப் போகவில்லை. ஹாரிஸ் நீரிணை முழுக்கப் பாறையும் மேடும். மிதவைக் குறிகளைப் பார்த்துப் பார்த்து இடம் திரும்பி, வலம் திரும்பி, சில நேரம் வந்த பக்கமே போவதுபோல நெளிந்து போயிற்று. மடியில் விரித்திருந்த வரைபடத்தில் பெர்னரேயிலிருந்து லெவர்பரோவுக்கு நான் ஸ்கேல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. அண்ணை அதையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானே வரைபடத்தை மடித்து உள்ளே வைத்தேன்.