லிபர்டி தாண்டி லெஃப்ட்

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு தெரியுமா உங்களுக்கு? மவுண்ட் ரோடில் இருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகிற ரோடு. திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டில் இருந்து நடந்தே போய்விடலாம். ஆனால், காரில் போனால்தான் அந்த ரோட்டின் மகிமை புரியும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும், பையன்கள் கூடவே ஓடி வருவார்கள். "சீட் கவரா சார்? ஹாரனா சார்? சென்ட்ரல் லாக்கா சார்?" உங்கள் காரில் என்னென்ன இல்லை என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வழி கேட்க நிறுத்தியவர்கூட ஒரு ஸ்டீயரிங் கவரோடுதான் வீடு திரும்புவார்.

2009-ல் அங்கே நானும் மாட்டினேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில், கம்பெனியே பொருத்திக் கொடுத்த கேசட் ஸ்டீரியோ ஒன்று இருந்தது. எந்தக் கேசட்டைப் போட்டாலும் நாடாவை மென்று துப்பும். அதைக் கழற்றிவிட்டு, வழி காட்டும் பெட்டி ஒன்றை வைப்பது என்று முடிவு செய்தேன். தொடுதிரை, எஃப்.எம்., சி.டி., கூடவே நேவிகேஷன். ஆபீஸில் ஒருவர் வைத்திருந்தார். அதற்கு மேல் காரணம் வேண்டுமா என்ன? 16,000 ரூபாய். வீட்டில் 11,000 என்று சொன்னேன்.

இந்த மாதிரி வேலைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. ஒன்று, அளவு. டேஷ்போர்டில் ஸ்டீரியோ உட்காரும் பொந்துக்கு ஜெர்மன்காரர்கள் வகுத்த அளவுதான் ரொம்ப காலம் உலகத்துக்கே அளவு. பெயர் 'டின்'. 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். திரை வைத்த பெட்டிக்கு உயரம் 100. அது 'டபுள் டின்'. என் காரில் ஸ்டீரியோவுக்குக் கீழே ஒரு சின்னத் தட்டு இருந்தது. அதைக் கழற்றினால் சரியாக டபுள் டின் இடம். அப்பா தன் மூக்குக் கண்ணாடிக் கூடும் விபூதிப் பொட்டலமும் வைக்கிற தட்டு அது. "சார், இதெல்லாம் உள்ள இருந்துச்சு" என்று கடைப் பையன் என் கையில் கொடுத்தான். பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு, ஒயர். காரில் இருந்து வருகிற ஒயர் கொத்தை வெட்ட விடாதீர்கள். "கட் பண்ணாதான் சார் வரும்" என்பார்கள். வராது என்றில்லை. காருக்குத் தகுந்த 'கப்ளர்' கேட்டு வாங்கினால், செருகினால் முடிந்தது வேலை. நாளைக்குப் பழைய ஸ்டீரியோவையே திரும்ப மாட்டவேண்டி வந்தாலும் வம்பில்லை.

மூன்றாவதை நான் நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அங்கே வருகிறேன்.

காருக்குள் பாட்டு கேட்பதே ஒரு காலத்தில் பெரிய ஆடம்பரம். அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் 1930-ல் தன் காரிலேயே ஒரு ரேடியோவைப் பொருத்தி, ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு நடந்த ஊருக்கே ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர்தான் மோட்டரோலா. வழி காட்டும் பெட்டி வர இன்னும் ஐம்பது வருஷம் ஆனது. 1981-ல் ஹோண்டா கொண்டுவந்ததில் சாட்டிலைட் கிடையாது. கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உள்ளே ஒரு கருவி உணர்ந்துகொள்ளும். திரையின் மேல் மேப் அச்சடித்த ஃபிலிமைச் செருகிப் பார்க்கவேண்டும். 1985-ல் கலிஃபோர்னியாவில் ஒரு கம்பெனி மேப்பை கேசட்டிலேயே பதிந்து விற்றது. என் பழைய ஸ்டீரியோவுக்குக் கிடைத்திருந்தால் கலிஃபோர்னியாவையே மென்றிருக்கும்.

ஜி.பி.எஸ். சமாச்சாரம் வேறு. தலைக்கு மேலே 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டுகள் 'இப்போது மணி இன்னது' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நாலு சாட்டிலைட்டின் நேரத்தைக் கேட்டு, எது எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்று கணக்குப் போட்டால் நாம் இருக்கும் இடம் வந்துவிடும். மேலே இருக்கிற கடிகாரம் நம்முடையதைவிட ஒரு நாளைக்கு ஒரு விநாடியில் லட்சத்தில் நாலு பங்கு அளவுக்கு முந்தி ஓடும். ஐன்ஸ்டீன் சொன்ன காரணத்தால். அதைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் கணக்கு 11 கிலோமீட்டர் பிசகும். திருவல்லிக்கேணியில் இருப்பவரை மீனம்பாக்கத்தில் காட்டும். பொதுமக்களுக்கு வருகிற சிக்னலை அமெரிக்கர்கள் வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தார்கள். 2000 மே மாதம்தான் அதை நிறுத்தினார்கள். கடைகளில் இந்தப் பெட்டிகள் பெருகியது அதற்குப் பிறகுதான்.

மேப் விஷயத்தில் நம் ஊருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இந்தியாவை முழுசாக அளக்கும் வேலையை வில்லியம் லாம்டன் 1802-ல் தொடங்கியது நம் பரங்கிமலைப் பக்கத்தில்தான். இரும்புச் சங்கிலியை நீட்டி நீட்டி சுமார் 12 கிலோமீட்டர் அளக்க 57 நாள் எடுத்துக்கொண்டார். அவருக்கு பழைய எண், புதிய எண் தொல்லை கிடையாது.

எங்கள் தெருவில் உண்டு. புதிய எண் 12-ஐத் தேடி வருகிறவர் பழைய எண் 12-ன் வாசலில் நின்று பெல் அடிப்பார். அந்த வீட்டு மாமியும் சலிக்காமல் கை காட்டுவார். ரோடு பெயரும் அப்படியே. பைகிராஃப்ட்ஸ் ரோடு பாரதி சாலையாகி எத்தனையோ வருஷமாயிற்று. பழைய ஆட்களுக்கு இன்னும் பைகிராஃப்ட்ஸ்தான். பெட்டிக்கு இதெல்லாம் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. சந்துகளில் வானம் தெரியாததால் அம்புக்குறி பக்கத்துத் தெருவுக்குத் தாவும். நான் சிங்கராச்சாரி தெருவில் நின்றுகொண்டிருப்பேன், பெட்டிக்குள் நான் யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் இருப்பேன். சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் போலீஸ் எந்த ரோட்டை அடைப்பார்கள், பெருமாள் புறப்பாடு எப்போது மாடவீதி திரும்பும் - ம்ஹூம். உள்ளே இருந்த அம்மாள் மட்டும் பதறாமல் இங்கிலீஷில் "டர்ன் ரைட்" என்றுகொண்டிருப்பாள்.

எங்கள் ஊர்ப் பெருமாளே ஒரு டிரைவர். பார்த்தசாரதி. மீசை வைத்தவர். உற்சவர் முகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட வடு இன்றும் உண்டு. 'இரண்டு சேனைக்கும் நடுவில் தேரை நிறுத்து' என்று பின்னால் இருந்தவன் சொன்னான், இவர் நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தார். வண்டியில் ஒருவர் வழி சொல்லவேண்டும், ஒருவர் ஓட்டவேண்டும். எங்கள் காரில் சொல்கிறவர் அப்பா.

அப்பா மெட்ராஸ் டெலிபோன்ஸில் லைன்மேனாக இருந்து ரிடயர் ஆனவர். முப்பது வருஷத்துக்கு மேல் சைக்கிளும் ஏணியுமாக இந்த நகரத்தைச் சுற்றியவர். கார் ஓட்டத் தெரியாது. ஆனால், முன் சீட்டில் உட்கார்ந்தால் வாய் மூடாது. "இதோ, டி.பி. பாக்ஸ் வருது பார், அங்க லெஃப்ட் வுடு." "சஃபையர் தாண்டி ஒரு சந்து." "டிரைவ்-இன் வரைக்கும் போயிடாத, ரிட்டர்ன் எடுக்க முடியாது." சஃபையரை இடித்துத் தரைமட்டமாக்கி எத்தனையோ வருஷம். உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-ல் மூடியாயிற்று. இல்லாத இடங்களை வைத்தே அவர் வழி சொல்வார், போகவேண்டிய இடம் சரியாக வந்துவிடும். சமயத்தில் எனக்கு எரிச்சலாக வரும். "தெரியும்ப்பா" என்று வெடுக்கென்று சொல்லியிருக்கிறேன்.

பெட்டி வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார்.

இதை நான் உடனே கவனிக்கவில்லை என்பதுதான் விஷயம். நிம்மதியாக இருக்கிறதே என்று நினைத்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போன ராத்திரி, அந்த அம்மாள் எங்களை ஒரு முட்டுச்சந்தில் கொண்டுபோய் விட்டாள். ரிவர்ஸ் எடுத்து வியர்த்துப்போய், "உங்களுக்குத் தெரியாதாப்பா இது?" என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "அதான் அந்தம்மா சொல்லுதே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நாலாவது மாதம். விடியற்காலையில் போன். அப்பாவோடு வேலை பார்த்தவர், கோடம்பாக்கத்தில் தவறிவிட்டார். எட்டு மணிக்குள் எடுத்துவிடுவார்கள். அவசரமாக இறங்கிச் சாவியைத் திருப்பினால் வண்டியில் உயிரில்லை. தெருமுனை மெக்கானிக்கை எழுப்பிக் கூட்டி வந்தேன். பெட்டியை வெளியே இழுத்துப் பார்த்தவர், தலையில் அடித்துக்கொண்டார்.

இங்கேதான் அந்த மூன்றாவது. பெட்டியில் இருந்து வருகிற ஒயர்களில் மஞ்சள், பேட்டரியோடு நேராகச் சேரவேண்டியது. கடிகாரமும் நினைவும் அழியாமல் இருக்க. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வருகிற இடத்தில் சேரவேண்டியது. கறுப்பு எர்த். மாட்டியவர், சாவிக்கான ஒயரைத் தேடச் சோம்பல்பட்டு, மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார். சாவியை எடுத்தாலும் பெட்டி முழுசாகத் தூங்காது. நாலு நாள் வண்டி எடுக்காமல் நிறுத்தினால் பேட்டரி காலி. மெக்கானிக் ஃப்யூஸைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு, பால் வாங்க வந்த நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்துவிட்டார்.

மவுண்ட் ரோடு ஏறும்வரை இருவரும் பேசவில்லை. கறுப்பாகக் கிடந்த திரையை அப்பா இரண்டு மூன்று தரம் பார்த்தார்.

"இன்னிக்கு பேசாதா அது?"

"பேசாதுப்பா. ஃப்யூஸ் எடுத்தாச்சு."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நேரா போ. சஃபையர் தாண்டி ஜெமினிகிட்ட ரைட் எடு. கோடம்பாக்கம் ஹைரோடு. லிபர்டி தாண்டி லெஃப்ட். நான் சொல்றேன்."

சஃபையர் இல்லை. ஜெமினி ஸ்டூடியோ இல்லை. 1973-ல் கட்டிய அண்ணா மேம்பாலத்துக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. லிபர்டி தியேட்டர் இல்லை, பஸ் ஸ்டாப்புக்குப் பெயர் மட்டும் இருக்கிறது. ஒன்றும் இல்லாத வழியில் ஒரு திருப்பம்கூடப் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஏழேகாலுக்குப் போய்விட்டோம்.

அந்த வீட்டுக் காம்பவுண்ட் சுவரில் மூடி போன ஒரு டி.பி. பாக்ஸ். ஒயர்கள் வெளியே தொங்கின. உள்ளே போகும் முன் அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார். "நானும் அவனும் கட்டினது. அவன் ஏணியைப் புடிப்பான், நான் ஏறுவேன். ஒரு தடவகூட ஆடினதில்ல."

திரும்பும்போது கேட்டேன், "ஏம்ப்பா இத்தனை நாள் ஒண்ணுமே சொல்லாம வந்தீங்க?"

"ரெண்டு பேர் வழி சொன்னா வண்டி எங்கடா போவும்?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 16,000 ரூபாய் கொடுத்து நான் என்ன வாங்கினேன் என்று அன்றைக்குத்தான் கணக்குப் பார்த்தேன்.

மறுநாளே ஒயரைச் சரிசெய்து, ஃப்யூஸையும் போட்டேன். பெட்டியைக் கழற்றவில்லை. அப்பா ஏறினால் அந்த அம்மாளின் வாயை மட்டும் அடைத்துவிடுவேன். ஒருமுறை சோழிங்கநல்லூர் தாண்டிப் போகவேண்டியிருந்தது. சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்தவர், "இது நம்ம ஏரியா இல்ல. அந்தம்மாவைப் பேசச் சொல்லு" என்றார். தெரியாத இடத்தில் தெரிந்தவர் பேசட்டும் என்பதில் அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை. எனக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லாமல் இருந்தது.

2015-ல் அப்பா போய்விட்டார். பெட்டியும் இப்போது இல்லை. மேப் பழசாகி, திரை மங்கி, பழைய ஸ்டீரியோவோடு பரணில் கிடக்கிறது. கைபேசியே தமிழில் வழி சொல்கிறது. நம் நாடே 'நாவிக்' என்று சாட்டிலைட்டுகளை மேலே அனுப்பியிருக்கிறது. வழி தெரியாமல் யாரும் தொலைந்துபோவதில்லை. சந்தோஷம்தான். அந்தக் காலைக்குப் பிறகு ஆறு வருஷம், எந்த இடத்தில் என்ன இருந்தது என்று அப்பா சொன்னதில் கொஞ்சம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த நாலு மாதத்தில் சொல்லாமல் விழுங்கியது என்னென்னவோ, அது போனது போனதுதான்.

புதுப் பெட்டி மாட்டுவதானால் மாட்டுங்கள், நல்ல சாமான். மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்க மட்டும் விடாதீர்கள். பக்கத்து சீட்டில் பெரியவர் யாராவது ஏறினால் வால்யூமைக் குறைத்துவிட்டு, வழி தெரிந்தாலும் ஒரு தரம் கேளுங்கள்.