பம்ப் நிற்கும் 18 நாட்கள்

எண்ணெய்க் கிணற்றிலிருந்து எண்ணெய் தனியாக வருவதில்லை. உப்புநீரும் கார்பன் டை ஆக்சைடும் கூடவே வரும். அந்த வாயு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. சோடாவில் நாம் குடிக்கிற அமிலம்தானே என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. ஒரே பிஎச் அளவில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைவிட இது எஃகை வேகமாகத் தின்னும். செலவாகும் ஹைட்ரஜன் அயனிகளை, பிரியாமல் மிச்சமிருக்கும் மூலக்கூறுகள் ஈடுகட்டிக்கொண்டே இருப்பதுதான் காரணம். இதற்கு எதிராக நாம் நிறுத்துவது சில பத்து பிபிஎம் கரிம அரிப்புத் தடுப்பான். பெரும்பாலும் கொழுப்பு அமிலத்திலிருந்து செய்த இமிடசோலின். நைட்ரஜன் உள்ள தலை எஃகைப் பற்றிக்கொள்கிறது, நீண்ட வால் தண்ணீரை விலக்குகிறது.

விற்பனைத் தாளில் இதன் திறன் 98 சதவீதம் என்றிருக்கும். பொய்யில்லை. ஆனால் அது கண்ணாடிக் கலத்தில், பளபளவென்று தேய்த்த எஃகுத் துண்டில் அளந்த எண். குழாயின் கணக்கு வேறு. தடுப்பான் இல்லாவிட்டால் ஆண்டுக்கு 5 மி.மீ., இருந்தால் 0.1 மி.மீ. அரிப்பு என்று வைத்துக்கொள்வோம். தடுப்பானைச் செலுத்தும் பம்ப் பழுது, காலித் தொட்டி என ஆண்டில் 5 சதவீத நேரம், அதாவது சுமார் 18 நாட்கள், கெமிக்கல் போகவில்லை. மற்ற நாட்களெல்லாம் சேர்ந்து தின்பது 0.095 மி.மீ.; அந்த 18 நாட்கள் மட்டும் 0.25 மி.மீ. திறனை 99 ஆக உயர்த்தினால் மொத்த இழப்பு 0.345-லிருந்து சுமார் 0.30 ஆகக் குறையும். பழைய கெமிக்கலையே 99 சதவீத நேரம் போகவைத்தால் 0.15 ஆகிவிடும். புதிய மூலக்கூறைத் தேடுவதற்கு முன் பம்ப்பையும் தொட்டி மட்டத்தையும் கவனியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பம்ப் நின்றதுமே எஃகின் மேல் தடுப்பான் போர்த்திய படலம் கழன்றுவிடாதே என்று கேட்கலாம். நியாயம்தான், என் கணக்கு சற்றுக் கடுமையானது. ஆனால் படலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஓட்ட வேகத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது. அந்தக் குழாயின் நிலைமையில் அளந்து பார்க்காமல் அதை நம்பக் கூடாது. ஓடும்போதே கூடுதலாக ஊற்றிவிடலாம் என்பது இன்னொரு வாதம். பரப்பு நிறைந்த பிறகு மிச்சமெல்லாம் நீரில் திரண்டு நிற்கும். நுரை கிளப்பும், எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் பிரிப்புத் தொட்டியில் தொல்லை தரும்.

பம்ப் ஓடினால் மட்டும் போதுமா என்பதுதான் கனமான கேள்வி. 2006 மார்ச்சில் அலாஸ்காவின் ப்ரூடோ பே வயலில் ஒரு குழாய் ஓட்டையாகிச் சுமார் 5,000 பீப்பாய் எண்ணெய் தரையில் பரவியது. எண்ணெய் மெதுவாக ஓடிய குழாய் அது. அடியில் வண்டல் படிந்திருந்தது. துப்புரவு செய்யும் ‘பிக்’ 1998-க்குப் பிறகு அதில் போகவில்லை. வண்டலுக்குக் கீழே நுண்ணுயிரிகள் பெருகும், தடுப்பான் இறங்காது. போதாக்குறைக்கு மணலும் களிமண்ணும் தடுப்பானையே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே கெமிக்கல் எஃகைத் தொடும் நேரத்தைத்தான் எண்ண வேண்டும், பம்ப் ஓடிய நேரத்தை அல்ல. 13 சதவீத குரோமிய எஃகு போட்டால் இந்தத் தலைவலியே இல்லையே என்பார்கள். கிணற்றுக்குள் இறக்கும் குழாய்க்கு அது சரி. பல கிலோமீட்டர் நீளும் குழாய்க்கு அந்த விலை பெரும்பாலும் கட்டுப்படியாகாது. அங்கே கார்பன் எஃகும் தடுப்பானும்தான் என்றால், ஒரு கெமிக்கலைத் தேர்ந்தெடுக்கும் சோதனையிலேயே எஃகுத் துண்டை மணலால் மூடி அளந்துவிட வேண்டும்.