அடுப்பு மேடைக்கு ஏழு மார்க்

நெதர்லாந்தின் த ஹேக் நகரில் மகளுக்கு வாடகை வீடு பார்க்கப் போன இடத்தில், கதவைத் திறந்தால் தரையைக் காணோம். பழைய அடிப்பலகைகள் மட்டும் கிடந்தன. அவற்றின் மேல் பசை காய்ந்த தடம். விளக்கு மாட்டுகிற இடத்தில் இரண்டு ஒயர் தொங்கியது. முன்பு குடியிருந்தவர் தரையைப் பெயர்த்துக் கையோடு கொண்டுபோய்விட்டாராம்.

அங்கே வாடகை வீடு மூன்று தினுசு. ஒன்றும் இல்லாத மொட்டை வீடு; தரை, திரைச்சீலை, விளக்கோடு கொடுப்பது; கட்டில் மெத்தையிலிருந்து கரண்டி வரை வைத்துக் கொடுப்பது. மொட்டை வீட்டுக்குக் குடிவருகிறவர்தான் தரை போட வேண்டும். காலி செய்யும்போது அதை எடுத்துக்கொண்டு போகலாம், அடுத்து வருகிறவரிடம் விற்றுவிட்டும் போகலாம். எங்கள் ஊர் மேச்சேரியில், எங்கள் வீட்டில் குடியிருந்த ஒருவர் டியூப்லைட்டைக் கழற்றிக்கொண்டு போனதற்கே என் வீட்டுக்காரர் ஒரு வாரம் புலம்பினார்.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம், நானும் வீட்டுக்கார அம்மாதான். பொட்டனேரி போகிற பக்கம் எங்களுக்கு நாலு லைன் வீடு இருக்கிறது. இரும்பாலையில் வேலை பார்க்கிறவர்கள்தான் குடியிருப்பு. ஆரம்பத்தில் தருமபுரி, ஓமலூர் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். இப்போது பெரும்பாலும் பீகார், ஒடிசா பையன்கள். ஆகவே ஊர் சுற்றிப் பார்க்கப் போன இடத்திலும் என் கண் துலிப் பூவில் நிற்கவில்லை. வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்றே ஓடியது.

மகள் தேர்ந்தெடுத்த பேட்டையின் பெயர் டிரான்ஸ்வால். த ஹேக்கில் ராஜா குடும்பமும் தூதரகங்களும் இருக்கிற பக்கம் வேறு, இது வேறு. நூறு வருஷத்துக்கு முந்தைய செங்கல் வீடுகள். தெருவிலிருந்து கதவில்லாத கல்படி ஏறினால் மாடியில் வரிசையாக வாசல்கள். அதில் ஒன்றைத் திறந்தால் உள்ளே இன்னொரு படிக்கட்டு, ஏணியைச் சுவரில் சாய்த்தது மாதிரி. பீரோவும் கட்டிலும் அந்தப் படியில் ஏறாது. தெருவில் தூக்கு எந்திரம் நிறுத்தி ஜன்னல் வழியாக உள்ளே தள்ளுகிறார்கள். கீழே துருக்கிக்காரர் ரொட்டிக்கடை, எதிரே சுரினாம்காரர் சேலைக்கடை, தள்ளி மொராக்கோக்காரர் கறிக்கடை. ராத்திரி பத்து மணிக்கும் தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது. எனக்கு இடம் பிடித்துவிட்டது. மருமகனுக்குத்தான் கொஞ்சம் அமைதி வேண்டுமாம்.

மலிவான பேட்டை என்றார்களே தவிர, வாடகை ஆயிரம் யூரோவைத் தொட்டது. நம் பணத்தில் லட்சம். அந்த லட்சத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது. அதைக் கேட்டபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அங்கே வீட்டுக்கு மார்க் போடுகிறார்கள். ஒரு சதுர மீட்டர் அறைக்கு ஒரு புள்ளி. சமையலறை மேடை இரண்டு மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் ஏழு, குறைந்தால் நாலு, ஒரு மீட்டர்கூட இல்லையென்றால் பூஜ்யம். தனிக் கழிவறைக்கு மூன்று. பால்கனி, தோட்டம் என்று வெளியிடம் ஒன்றும் இல்லாவிட்டால் நான் போன சமயத்தில் ஐந்து கழித்தார்கள். வீடு குளிரை எவ்வளவு தாங்குகிறது என்பதற்குத் தனிப் புள்ளி. கூட்டுத்தொகைதான் வாடகையின் உச்சத்தைச் சொல்லும். முன்பு இந்தக் கட்டுப்பாடு மலிவு வீடுகளுக்கு மட்டும் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடுத்தர வீடுகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 2025 கணக்குப்படி 143 புள்ளி வரை உள்ள வீட்டுக்குச் சுமார் 900 யூரோ, 186 வரை உள்ளதற்குச் சுமார் 1,184 யூரோ. அதற்கு மேல் வாங்கக்கூடாது. வாங்கினால் குடியிருப்பவர் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அட்வான்ஸும் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலம் குறித்து எழுதுகிற ஒப்பந்தமும் அதே தேதியோடு பெரும்பாலும் முடிந்தது. இனி குடிவந்தால் காலவரையில்லாத குடித்தனம்தான்.

மகளுக்கு ஒரே உற்சாகம். டேப்பை எடுத்து அடுப்பு மேடையை அளந்தாள். இரண்டு மீட்டருக்கு ஒரு சாண் குறைந்தது.

“ஏழு இல்லம்மா, நாலுதான்.”

“நம்ம லைன் வீட்டுக்கு எத்தனை கண்ணு வரும்?”

அவள் சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டாள். எங்கள் வீட்டுச் சமையல் மேடை ஒரு கடப்பைக் கல், ஒரு மீட்டர் இருக்காது, பூஜ்யம். பால்கனி கிடையாது; கழி ஐந்து. கழிவறை பின்னால், நாலு வீட்டுக்கும் பொது. அதையும் பங்கு பிரித்துத்தான் புள்ளி தருவார்களாம். மொத்தம் இவ்வளவு என்று சொல்லப் போனவளைப் போதும் என்று நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்காரியாக எனக்குத் தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு இப்படி மூடி போட்டால், இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விட்டவன் கணக்குப் பார்ப்பான். கட்டாது என்றால் விற்றுவிடுவான். அங்கே அதுதான் நடந்திருக்கிறது. குடித்தனக்காரர் காலி செய்ததும் வீட்டை விற்றுவிடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஆகவே ஒரு வீடு காலி என்றால் பார்க்க வருகிற கூட்டம் படிக்கட்டில் நிற்கிறது. சட்டம் உள்ளே இருப்பவனைக் காப்பாற்றுகிறது, வெளியே நிற்பவனைக் காக்க வைக்கிறது. 1901-லேயே வீட்டுவசதிச் சட்டம் போட்ட தேசம் அது. சங்கங்கள் கட்டி வைத்திருக்கிற மலிவு வீடுகள் நாட்டில் இருபது லட்சத்துக்கு மேல் உண்டு. அதற்கு வரிசையில் நின்றால் வருஷக்கணக்கில் ஆகும்.

அதற்காக நம்மூர் முறை ஒன்றும் தேவலை இல்லை. தமிழ்நாட்டிலும் 2017-ல் ஒரு சட்டம் போட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது. அந்த ‘விட்டால்’ போதாதா? எல்லோரும் வேறு விதமாகவே பேசிக்கொள்கிறோம். மேச்சேரியில் வீட்டுக்கு யாரும் மார்க் போடுவதில்லை, ஆளுக்குத்தான் போடுகிறோம். நானும் போடுவேன். நேராகக் கேட்க மாட்டேன். சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று சுற்றி வருவேன். குலதெய்வம் சொல்லிவிட்டால் மிச்சம் தானாகத் தெரிந்துவிடும். வடக்கத்திப் பையன்கள் வந்த பிறகு இந்த வித்தை செல்லவில்லை. அவர்கள் சாமி எனக்குத் தெரியாது. ஆதாரை வாங்கி வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.

அங்கேயும் ஆளை அளக்காமல் இல்லை. சம்பளம் வாடகையைப் போல மூன்று பங்கு இருக்கிறதா, வேலை நிரந்தரமா என்று கேட்டுக் காகிதம் வாங்குகிறார்கள். பெயரைப் பார்த்தே பதில் போடாமல் விடுகிறவர்களும் உண்டு என்பதால்தான், 2023-ல் போட்ட சட்டம் வீட்டுக்காரரும் தரகரும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையை எழுதி வைக்க வேண்டும் என்கிறது. நம்மூர்ப் பெயரோடு மகள் அனுப்பிய மனுக்களில் பாதிக்கு மேல் பதிலே வரவில்லை. என்ன காரணம் என்று யாரைக் கேட்பது?

இந்தப் பேட்டைக்கு டிரான்ஸ்வால் என்று பெயர் வந்த கதை, ஆளை அளக்கிற இந்த விஷயத்தில்தான் வந்து முட்டுகிறது. தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை ஆங்கிலேயரோடு சண்டை போட்ட போயர்கள் டச்சு வம்சம். அந்தப் பாசத்தில் தெருக்களுக்கெல்லாம் அவர்கள் பெயரை வைத்தார்கள்: போத்தா, பிரிட்டோரியஸ், ஸ்டெய்ன். கடைவீதிக்குப் பால் க்ரூகர் பெயர். அந்த க்ரூகர் ஜனாதிபதியாக இருந்த போயர் நாடான டிரான்ஸ்வாலில்தான் 1885-ல் மூன்றாம் எண் சட்டம் வந்தது: ஆசியாக்காரன் குடியுரிமை பெற முடியாது, ஒதுக்கிய பகுதிக்கு வெளியே மனை வாங்க முடியாது. ஜோஹன்னஸ்பர்க்கில் அப்படி ஒதுக்கப்பட்ட இந்தியர் குடியிருப்பைப் பிளேக் வந்தபோது, 1904-ல், நகராட்சியே கொளுத்தியது. பிறகு காந்தி நடத்திய போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களில் தமிழர் கூட்டம் பெரிது. ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மைக்குச் சாகும்போது வயது 16.

இன்றைக்கு க்ரூகர் பெயர் தாங்கிய வீதியில் சேலைக்கடையும் நகைக்கடையுமாக இந்திய வம்சத்தார் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சதுக்கத்தில் காந்தி சிலையும் நிற்கிறது. இதை யார் திட்டம் போட்டுச் செய்திருப்பார்கள்? மலிவு வாடகை தேடி வந்தவர்கள் செய்த காரியம்.

அவர்கள் சுரினாமிலிருந்து வந்தவர்கள். 1873-ல் கல்கத்தாவிலிருந்து ‘லல்லா ரூக்’ என்ற கப்பலில் முதல் கூட்டம் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனது. 1916 வரை 34,000 பேருக்கு மேல், பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசப் பக்கத்தவர். 1975 நவம்பர் 25-ல் சுரினாம் விடுதலை பெற்றதை ஒட்டி அவர்களில் பலர் ஹாலந்துக்கு விமானம் ஏறினார்கள். வந்து இறங்கியவர்களில் நிறையப் பேர் த ஹேக்கில் தங்கிவிட்டார்கள்.

மகள் குடிபோன வீட்டுக்குப் பக்கத்து வாசல் பாட்டியும் அப்படி வந்தவர்தான். எழுபது வயதுக்கு மேல். முதல் நாள் மாலை ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவந்தார். உளுந்து மாவு, சீரகம், கீரை, நடுவில் ஓட்டை, எண்ணெயில் பொரித்தது. வாயில் போட்டதும் நம் கீரை வடைதான், கொஞ்சம் தட்டை. பாரா என்றார். மறுநாள் அவரே எங்களைச் சந்தைக்குக் கூட்டிப்போனார். ஐரோப்பாவின் பெரிய திறந்தவெளிச் சந்தைகளில் ஒன்று அது; திங்கள், புதன், வெள்ளி, சனி கூடும். பாகற்காய், வெண்டை, நீளக் காராமணி, கத்தரி எல்லாம் கிடந்தது. பாட்டி பாகற்காயை நகத்தால் கீறிப் பார்த்து, கடைக்காரரிடம் முகத்தைச் சுளித்து, கூடை மாற்றி வாங்கினார். எனக்கு அந்தப் பேரம் முழுக்கப் புரிந்தது, ஒரு சொல்கூடப் புரியாமல்.

எங்களுக்குள் பேச்சு நடந்த விதம் வேடிக்கை. என் பீகார் பையன்களிடம் வாடகை வசூலித்துக் கற்றுக்கொண்ட அரைகுறை இந்தி என்னிடம் இருந்தது. அவர் பேசுகிற சர்னாமி அந்தப் பக்கத்துப் போஜ்புரியிலிருந்து கிளைத்தது. முக்கால்வாசி ஓடியது, மிச்சத்தை மகள் டச்சில் ஒட்டினாள்.

ஒருநாள் அவர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். கப்பல் ஏறியவர்களின் பதிவேடு த ஹேக் தேசிய ஆவணக் காப்பகத்தின் மூலம் கணினியில் கிடைக்கிறது. அதிலிருந்து அவர் பேரன் எடுத்துக் கொடுத்த அச்சு. பெயர், தகப்பன் பெயர், கிராமம், சாதி, உயரம், தோல் நிறம், உடம்பில் உள்ள தழும்பு. பூட்டனாரை அப்படி அளந்து எழுதியிருந்தார்கள். பாட்டி சாதிக் கட்டத்தில் விரலை வைத்து, இது பெரிய சாதியா, சின்ன சாதியா என்று கேட்டார். இந்தியாவிலிருந்து வந்தவள், எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. தெரியாது என்றேன், உண்மையில் தெரியாது. பரவாயில்லை என்று மடித்து வைத்துவிட்டார். கிராமத்தின் பெயர் இன்னும் இருக்கிறதா என்பதுதான் அவருக்கு முக்கியம். மருமகன் வரைபடத்தில் தேடிப் பார்த்தார். அதே பெயரில் நாலைந்து ஊர் வந்தது.

பிறகு பேச்சு என் லைன் வீடுகளுக்குத் திரும்பியது. வாடகை எவ்வளவு என்று கேட்டார், யூரோவில் சொன்னதும் காதில் விழாதவர் மாதிரி இன்னொரு முறை கேட்டார். டிசம்பரில் அங்கே வெயில் அடிக்குமா என்றார். மேச்சேரியில் எப்போது அடிக்கவில்லை என்றேன். மகளிடம் டச்சில் நீளமாக ஏதோ சொன்னார்.

“குளிருக்கு மூணு மாசம் வந்து தங்கறதுக்கு ஒரு வீடு காலியிருக்குமான்னு கேக்கறாங்கம்மா.”

“ஒண்ணு இருக்கு. படி ஏற வேண்டாம், தரையும் போட்டிருக்கு. ஆனா கக்கூசு பின்னாடிதான்னு இப்பவே சொல்லிடு.”